கோழி சாகிறதா, முட்டை இறங்குகிறதா: பறவைக் காய்ச்சல் சந்தேகம் வந்தால் எங்கிருந்து பார்ப்பது

நாமக்கல் பக்கத்து முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் போய்வருகிற கால்நடை மருத்துவன் நான். விடிகாலையில் போன் அடித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "சார், கோழி திடீர்னு சாகுதுங்க." இல்லாவிட்டால், "சார், முட்டை எறங்கிப்போச்சுங்க." இரண்டுக்குமே பறவைக் காய்ச்சல் வைரஸ் காரணமாக இருக்க முடியும். ஆனால் முதல் போனுக்குப் பின்னால் இருக்கும் வைரஸும் இரண்டாவது போனுக்குப் பின்னால் இருக்கும் வைரஸும் பெயரளவில்தான் உறவு. கோழிக்குள் செய்கிற வேலை வேறு, கோழியிலிருந்து கோழிக்குத் தாவுகிற விதமும் வேறு.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சாவு இல்லை என்றால் பறவைக் காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அல்லது நாலு கோழி செத்ததும் ஷெட்டையே இரவோடு இரவாக வண்டி ஏற்றிவிடுகிறார்கள். எவ்வளவு கொல்லும் என்பதும் எவ்வளவு பரவும் என்பதும் தனித்தனிக் கணக்கு. அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் ஷெட்டில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன்

செத்த கோழியை அறுக்காதீர்கள். நம் பக்கத்தில் இது ஊறிப்போன பழக்கம். குழியோரம் குத்தவைத்து, வெறுங்கையால் நெஞ்செலும்பைப் பிளந்து, ஈரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு "காலராங்க" (கோழிக்கு வரும் ஒரு பாக்டீரியா நோய்) என்று சொல்லும் சூப்பர்வைசர் இல்லாத பண்ணை குறைவு. பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் வந்திருப்பது பறவைக் காய்ச்சல் வைரஸின் கொடிய எச்5 ரகமாக இருந்தால் அந்தக் கோழியின் ரத்தம், சளி, எச்சம், இறகின் வேர் வரை எல்லாவற்றிலும் வைரஸ் நிறைந்திருக்கும். கத்தி, கை, செருப்பு என்று அடுத்த ஷெட்டுக்கு வழி போட்டுக் கொடுப்பது நாமேதான். மனிதருக்கும் ஆபத்து உண்டு. 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற இன்னொரு ரகம் பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானவர்களுக்குக் கண் சிவந்து உறுத்தியதோடு சரி. பண்ணைக்குப் போய்வந்த ஒரு கால்நடை மருத்துவர் மட்டும் இறந்துபோனார்.

அப்புறம், இறப்பு நோட்டை எடுங்கள். மூன்று விஷயம் வேண்டும்: இன்று எத்தனை, நேற்றும் முந்தாநாளும் எத்தனை, செத்தவை எந்த வரிசை எந்தக் கூண்டு. பத்தாயிரம் கோழி உள்ள ஷெட்டில் நாளுக்கு இரண்டு மூன்று சாவது வழக்கம்தான். மூன்று, ஏழு, பதினெட்டு என்று ஏறினால் அந்த ஏற்றம்தான் செய்தி. மூன்றாவது விஷயத்தைப் பல பண்ணைகளில் எழுதுவதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு குணம்: காரணம் இதுதான்

வைரஸின் மேல் எச் என்றொரு புரதம் உண்டு. கோழியின் செல்லுக்குள் நுழைய அந்தப் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட வேண்டும். வெட்டுகிற கருவி வைரஸிடம் இல்லை. கோழியின் உடம்பில் இருக்கும் நொதிதான் வெட்டித் தர வேண்டும். சிதறுகாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரகத்துக்குக் கோயில் வாசலில் மட்டும்தான் கல் கிடக்கிறது. அதாவது மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள நொதிகள் மட்டுமே அதை வெட்டும். அங்கேயே பெருகி, சளியிலும் எச்சத்திலும் வெளியேறும். கோழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கொடிய ரகத்துக்குத் தெருவெல்லாம் கல். வெட்டுப்படும் இடத்தில் கார அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டதால், எல்லா உறுப்பிலும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே போதும். மூளை, இதயம், கணையம், ரத்தக்குழாய் என்று ஒரே நேரத்தில் தாக்கும்.

அந்த எச் புரதத்தின் வகைகளைத்தான் எச்5, எச்7, எச்9 என்று எண் போட்டுச் சொல்கிறோம். எச்5, எச்7 இரண்டு வகைகள்தான் இயற்கையில் இப்படிக் கொடியதாக மாறிப் பார்த்திருக்கிறோம். நம் பண்ணைகளில் சுற்றிவரும் எச்9என்2 மாறியதில்லை. ஆய்வகம் 'கொடியது' என்று முத்திரை குத்துவதற்கு ஒரு வழி, ஆறு வாரக் கோழிக்கு ரத்தக்குழாயில் வைரஸைச் செலுத்திப் பத்து நாள் பார்ப்பது. பூஜ்யம் முதல் மூன்று வரையான குறியீட்டில் 1.2ஐத் தாண்டினால் கொடியது. கவனியுங்கள், இந்தச் சோதனை சொல்வது கோழி சாவதைப் பற்றி மட்டும். எவ்வளவு வேகமாகப் பரவும், மனிதருக்கு வருமா என்பதெல்லாம் இதில் இல்லை.

அறிகுறி: முந்தைய நாள் வரை நன்றாக இருந்த கோழி, காலையில் கூண்டுக்குள் செத்துக் கிடக்கிறது

ஒரு சித்திரை மாதம் இப்படித்தான் ஒரு பண்ணைக்குப் போனேன். "வெயிலுங்க சார், நேத்து மத்தியானம் கரண்ட் வேற போயிருச்சு" என்றார் பண்ணைக்காரர். ஷெட் வாசலில் கோழிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கூண்டில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். மேல் அடுக்கில், ஷெட் நடுவில், பரவலாக. எப்போது? சாயங்காலம் நாலு மணிக்கு மேல். உயிரோடு இருந்தவை அலகைத் திறந்து, இறக்கையை விரித்துக்கொண்டு இரைத்தன. ஃபாகர் (நீர்த்தூவி) ஓடி, காற்று கொஞ்சம் வந்ததும் இரவில் சாவு நின்றது. அது வெயில்தான். வெயில் கொன்றால் நேரம் பார்த்துக் கொல்லும், குளிர்ந்தால் விடும்.

கொடிய எச்5 நேரம் பார்க்காது. கூண்டு ஷெட்டில் அது பெரும்பாலும் ஓரிடத்தில் கொத்தாகத் தொடங்கும்: ஒரே கூண்டில் இரண்டு மூன்று, பக்கத்துக் கூண்டில் ஒன்று. வாசல் ஓரமோ, தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ, காக்கை வந்து உட்காரும் முனையோ ஆக இருக்கலாம். மறுநாள் அதே வரிசையில் இருபது. அந்தப் பகுதிக் கோழிகள் தீவனத்தைத் தொட்டிருக்காது. தொட்டி அப்படியே நிறைந்திருக்க, அந்த மூலை மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். முட்டைக் கோழி ஷெட்டுக்குள் நுழைந்தால் கேட்கும் அந்த ஓயாத கொக்கரிப்பு ஓரிடத்தில் மட்டும் அறுந்துபோயிருந்தால், அதைவிடப் பயமுறுத்தும் அறிகுறி எனக்கு வேறில்லை. உயிரோடு இருப்பவற்றில் கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருக்கிறதா, காலின் செதில் தோலுக்குக் கீழே ரத்தக் கட்டு தெரிகிறதா என்று பாருங்கள். சில நேரம் இவை எதுவும் வரும் முன்பே கோழி செத்துவிடும். உடம்பில் குறி இல்லை என்பதற்காக எச்5 இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

"பறவைக் காய்ச்சல்னா ஒரே நாள்ல ஷெட்டே காலியாகணுமே, எனக்கு இருபதுதானே போச்சு" என்று கேட்பார்கள். இது தவறான தைரியம். வேகமாகக் கொல்லும் வைரஸ் கூண்டில் மெதுவாகப் பரவக்கூடும், ஏனென்றால் தொற்றிய கோழி இரண்டு நாளில் செத்துப்போகிறது. பக்கத்துக் கோழிக்குக் கொடுக்க அதற்கு அவகாசம் குறைவு. தரையில் வளரும் கறிக்கோழியில் எச்சத்தின் மேலேயே எல்லாம் நடப்பதால் வேகம் கூடும்.

ரகத்துக்கு ரகம் தேவைப்படும் அளவும் வேறுபடும். 2014 கடைசியில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் காட்டுப் பறவைகள் வழியாக எச்5என்8, எச்5என்2 ரகங்கள் வந்தன. ஆய்வகத்தில் அந்த முதல் வைரஸ்களைக் கோழிக்குக் கொடுத்தபோது, தொற்று பிடிக்கவே பெரிய அளவு வைரஸ் தேவைப்பட்டது. கூட விட்ட கோழிகளுக்குப் பரவுவதும் மந்தம். ஆனால் தொற்றிய கோழி பிழைக்கவில்லை. வைரஸ் வாத்துக்குப் பழகியது, கோழிக்குப் புதுசு. 2015 வசந்தத்தில் அயோவா, மினசோட்டா பண்ணைகளுக்குள் போனபிறகு கிடைத்த வைரஸ்களுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. கடைசியில் அந்த நாட்டில் சுமார் 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் போயின. ஆரம்பத்தில் மந்தமாக இருந்ததே என்று அசட்டையாக இருந்தால், கோழிக்குக் கோழி தாவிப் பழகிக்கொள்ள நாமே நேரம் கொடுப்பதாகிவிடும்.

காலரா என்றால் ஆன்டிபயாட்டிக் தண்ணீரில் கலந்த இரண்டு நாளில் சாவு குறையும். சரி, இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கலாமா? கொத்தாகச் சாவு தொடங்கியிருந்தால் கூடாது. முதலில் மாதிரி எடுத்து அனுப்புங்கள், மருந்து அதற்குப் பிறகு.

அறிகுறி: கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், கூடவே சாவு

நம் ஊரில் இதற்கு முதல் பெயர் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். கடுமையான ராணிக்கெட்டையும் எச்5ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. முப்பது வருட அனுபவம் உள்ளவர் பிரித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும் சரி. தடுப்பூசி அட்டவணை ஒழுங்காக இருந்து, ரத்தத்தில் ராணிக்கெட் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தும் சாவு ஏறினால் எச்5 சந்தேகம் கூடுகிறது. அவ்வளவுதான் சொல்லலாம். மிச்சம் ஆய்வகம்.

அறிகுறி: முகம் வீக்கம்

கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, மூக்கில் ஒழுகி, கிட்டே போனால் குமட்டும் நாற்றம் அடித்தால் கொரைசா என்ற பாக்டீரியா நோய். தலை மொத்தமும் நீர் கோத்ததுபோல் பூரித்து, தாடி தடித்து நீலமாகி, கூடவே சாவும் இருந்தால் காலையில் செத்துக் கிடக்கும் கோழி பற்றிய முதல் அறிகுறிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: சாவு இல்லை, முட்டை மட்டும் சரிகிறது

நான் அதிகம் பார்ப்பது இதுதான். தொண்ணூறு சதவீதம் போட்டுக்கொண்டிருந்த கோழி ஒரு வாரத்தில் எழுபது, அறுபது என்று இறங்கும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும், தீவனம் கொஞ்சம் மிச்சம் விழும். மூன்று நாலு பேர் மேல் சந்தேகம் வர வேண்டும்: எச்9என்2, ஐபி (மூச்சுக்குழாயைத் தாக்கும் இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்), இடிஎஸ் (எக் டிராப் சிண்ட்ரோம் என்ற வைரஸ் நோய்), தடுப்பூசி போட்ட கோழியில் லேசாக வந்துபோகும் ராணிக்கெட். தீவனத்தில் பூஞ்சை நஞ்சும், நிப்பிள் அடைத்துத் தண்ணீர் வராத வரிசையும் இந்தப் பட்டியலில் முதலிலேயே சரிபார்க்க வேண்டியவை. நிப்பிளை விட்டுவிட்டு வைரஸைத் தேடி நானே ஒருமுறை அரை நாள் வீணாக்கியிருக்கிறேன்.

முட்டையிலிருந்து தொடங்குங்கள். ஒரு டிரே முட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். தோல் முட்டை அதிகம், கோழியோ குத்துக்கல் மாதிரி திடமாக இருக்கிறது, தீவனமும் குறையவில்லை என்றால் இடிஎஸ் பக்கம் யோசியுங்கள். ஓடு சுருங்கி, வரிவரியாக, கோணலாக இருந்தால் ஒன்றை எவர்சில்வர் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். வெள்ளைக்கரு மஞ்சளைத் தாங்கி நிற்காமல் தண்ணீர் போல் தட்டு முழுக்க ஓடினால் ஐபி. வெளிநாட்டுப் புத்தகங்களில் பழுப்பு ஓடு வெளுத்துப்போகும் என்றொரு குறி எழுதியிருக்கும். நம்முடையது வெள்ளை முட்டைக் கோழி, அது நமக்கு உதவாது.

எச்9என்2 என்றால் முட்டை எண்ணிக்கை இறங்கும், ஓடு ஐபி அளவுக்குக் கெடாது. அதைப் பிடிக்க இரவில் போங்கள். விளக்கை அணைத்து, கோழி அடங்கியபின் ஷெட் நடுவில் சும்மா நில்லுங்கள். அங்கொன்று இங்கொன்றாகத் தும்மல், தொண்டையில் கரகரப்பு. பகலில் கொக்கரிப்புக்குள் இது காணாமல் போய்விடும். அடுத்த அடையாளம் பரவும் வடிவம். எச்5 போலக் கொத்தாக நிற்காது. சில நாட்களில் ஷெட் முழுக்க, அடுத்த வாரம் பக்கத்து ஷெட், அதற்கடுத்து சாலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை. கோழி உயிரோடு நடமாடி, தின்று, தும்மி, நாள் கணக்கில் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சாகடிக்காததுதான் அதன் பலம். செத்த கோழியை ஆள் எடுத்துப் போட்டுவிடுவான், தும்மும் கோழியை யார் எடுப்பது? முட்டை பழையபடி ஏறப் பல வாரம் ஆகும். சில பேட்ச் பழைய உச்சத்தைத் தொடுவதே இல்லை.

எச்9என்2 வந்தும் சாவு இருந்தால், கூட ஈகோலை, மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாவும் இருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். வைரஸ் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது, பாக்டீரியா உள்ளே நுழைகிறது. கறிக்கோழியில் இந்தக் கூட்டணி பெரிய சேதம் செய்யும். இங்கே ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை உண்டு, ஆனால் அது வைரஸுக்கு அல்ல.

எச்9என்2க்கு செயலிழக்கச் செய்த தடுப்பூசியை போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் உருவாக்கி, 2022இல் தொழில்நுட்பத்தை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதைப் போட்டவர்கள் "பறவைக் காய்ச்சல் ஊசி போட்டாச்சுங்க" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் திருத்துகிறேன். அது எச்9க்கு மட்டும். எச்5ஐத் தடுக்காது.

அறிகுறி: அக்கம்பக்கத்தில் எச்5, உங்கள் கோழிக்கு ஒன்றுமே இல்லை

நல்ல செய்தியாக இருக்கலாம். ஆனால் 1997 ஹாங்காங் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருடம் எச்5என்1 முதல்முறையாக மனிதருக்குத் தாவி, 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. அதே சமயம் அங்குள்ள சந்தைகளில் பல கோழிகள் ஆரோக்கியமாகத் தெரிந்தன. பிறகு ஆய்வு செய்தபோது, எச்9என்2 ஏற்கெனவே வந்துபோன கோழி எச்5என்1 தாக்கினாலும் சாகாமல் பிழைப்பதும், அப்படிப் பிழைத்த கோழி எச்சத்தில் எச்5என்1ஐ வெளியேற்றுவதும் தெரிந்தது. சற்று முன் எச்9 எச்5ஐத் தடுக்காது என்றேன். தொற்றைத் தடுக்காது, சாவை மட்டும் சில காலம் மறைக்கலாம் என்று சேர்த்துப் படியுங்கள். எச்9 வந்துபோன ஷெட்டில் சாவு எண்ணிக்கையை மட்டும் நம்பி உட்காரக்கூடாது என்பது இதனால்தான்.

வாத்து இன்னொரு திரை. பல எச்5என்1 ரகங்கள் வாத்தை ஒன்றும் செய்யாமல் அதன் குடலில் இருந்துவிட்டு, அதே குட்டையில் தண்ணீர் குடித்த கோழியைக் கொல்லும். எல்லா ரகமும் அப்படி இல்லை. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2014இல் எச்5என்1, 2021 தொடக்கத்தில் எச்5என்8, 2024இல் மறுபடி எச்5என்1 என்று வந்தபோது முதலில் விழுந்தவை குட்டநாட்டு வாத்துகள். வாத்து செத்தால் எச்சரிக்கை. சாகவில்லை என்றால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பண்ணையில் ஆசைக்கு நாலு வாத்து வளர்ப்பவர்கள் அவற்றை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கோழிக்கு அறிகுறியே இல்லாமல் மனிதரைக் கொன்ற ரகமும் உண்டு. சீனாவில் 2013இல் வந்த எச்7என்9, கோழிக்கு மென்மையான ரகம். சந்தைக் கோழி தும்மக்கூட இல்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் 1,500க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்றி, பத்தில் நாலு பேர் வரை இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியதும்தான் எண்ணிக்கை இறங்கியது.

அறிகுறி: லேசாக வந்துபோன நோய், சில வாரம் கழித்துத் திடீர்ச் சாவு

வந்திருந்தது எச்9 என்று ஆய்வகம் உறுதி செய்திருந்தால், இது அதே வைரஸ் மாறியது இல்லை. புதிதாக வேறொன்று நுழைந்திருக்கிறது. ஆனால் வந்திருந்தது எச்5 அல்லது எச்7இன் மென்மையான ரகமாக இருந்தால் கதை வேறு. பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் மெல்லிய எச்5என்2 வந்தது. அக்டோபரில் அதே வைரஸ் கொடியதாகி, கடைசியில் ஒன்றே முக்கால் கோடி அளவுக்குப் பறவைகள் போயின. இத்தாலியில் 1999 மார்ச்சில் மெல்லிய எச்7என்1, டிசம்பரில் கொடியது. மேலே சொன்ன சீனத்து எச்7என்9உம் 2017இல் கோழியைக் கொல்லும் ரகமாகியது. வெட்டுப்படும் இடத்தில் சிறு மாற்றம் போதும். எத்தனை ஷெட்டில் எத்தனை நாள் சுற்றவிடுகிறோமோ, அந்த மாற்றம் நிகழ அத்தனை வாய்ப்பு.

ரேபிட் கிட் (பண்ணையிலேயே பார்க்கும் சோதனை அட்டை) என்ன சொல்லும்

இரண்டு கோடு வந்தால் ஏ வகை இன்ஃபுளுயன்சா இருக்கிறது, அவ்வளவே. எச்5ஆ எச்9ஆ என்று அது சொல்லாது. ஒரு கோடு வந்தால் நிம்மதி அடையவும் வேண்டாம். கோழி நன்றாக இருக்கும்போது எடுத்த மாதிரியில் வைரஸ் குறைவாக இருந்து கிட் கோட்டை விட்டுவிடும். சாகப்போகிற அல்லது அப்போதுதான் செத்த கோழியின் தொண்டையில் எடுத்தால் பலன் அதிகம். எச்5, எச்7, எச்9 என்று பிரிப்பது பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனைதான். எச்9 ஊசி போட்ட கோழியில் ரத்தப் பரிசோதனை எப்படியும் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும். அதை வைத்து நோய் வந்தது என்று முடிவு செய்ய முடியாது.

சந்தேகம் எச்5 பக்கம் சாய்ந்தால்

கேட்டைப் பூட்டுங்கள். முட்டை டிரே, எரு லாரி, கழிவுக் கோழி ஏற்றும் வண்டி, ஊசி போட ஊர் ஊராகப் போகும் குழு: வைரஸ் நம்மிடையே நடப்பது இந்தக் கால்களில்தான். எச்சத்தில் எச்5என்1 4 டிகிரி குளிரில் 35 நாள் வரை, 37 டிகிரியில் 6 நாள் வரை இருந்திருக்கிறது. நம் வெயில் உதவும், ஆனால் நாளைக்கே அழித்துவிடாது. எக்காரணம் கொண்டும் கோழியை விற்காதீர்கள். இது 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்; மாதிரியை அவர்கள் முறைப்படி எடுத்து அனுப்புவார்கள், இறுதி உறுதி போபாலில் இருந்து வரும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இழப்பீடு, அழிக்கப்படும் கோழிக்குத்தான். அதற்கு முன் செத்தவற்றுக்கு இல்லை. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவர்கள் முதல் நாளே போன் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

செத்த கோழி எடுத்த ஆட்களுக்கு அடுத்த சில நாளில் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், மருத்துவரிடம் கோழிப் பண்ணையில் வேலை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

எனக்குப் போன் செய்வதாக இருந்தால், ஷெட்டில் மொத்தம் எத்தனை கோழி, என்ன வயது, கடந்த ஐந்து நாள் சாவு ஒவ்வொரு நாளும் எத்தனை, எந்த வரிசை, முட்டை எந்தத் தேதியில் எத்தனை சதவீதம், கடைசியாக வெளியாள் உள்ளே வந்தது எப்போது என்று கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். போட்டோ அனுப்பினால் கோழியின் போட்டோ ஒன்று போதும், அந்த நோட்டுப் பக்கத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.